அரைச் சாண்

பன்னிரண்டு பந்துகளில் இரண்டுதான் உள்ளே விழுந்தன. மீதிப் பத்தும் வளையத்தின் முன்விளிம்பில் இடித்து, எறிந்தவளின் காலடிக்கே திரும்பி வந்தன. ராமநாதபுரத்தில், மே மாத வெயிலில், காலை பத்தரை மணிக்கு அந்தப் பத்தையும் ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்த உக்கிரபாண்டிக்கு உச்சந்தலை கொதித்தது. அதில் வெயிலின் பங்கு கொஞ்சம்தான்.

எறிந்தவள் ஜெப்சி. பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துப் பெண், பதினான்கு வயது. விளையாட்டு விடுதியின் கூடைப்பந்து அணிக்குப் பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. இடம் கிடைத்தால் படிப்பும் சாப்பாடும் விடுதியிலேயே. பெரிய மைதானம், ஊர் ஊராக ஆட்டம். கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை, வயது தாண்டிவிடும். ஊர் அணியின் மற்ற பதினொரு பெண்களும் துணைக்கு வந்து வேலிக்கு வெளியே நின்றிருந்தார்கள். ஊர் மைதானத்தில் இதே தூரத்திலிருந்து எறிந்தால் ஜெப்சிக்குப் பன்னிரண்டுக்குப் பத்து விழும். அதை உக்கிரபாண்டி எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் சத்தியம் செய்வார்.

உக்கிரபாண்டி சாதாரண ஆள் இல்லை. நாம் கேட்காமலே அதை அவரே சொல்லிவிடுவார். சிக்கல் பக்கம் மிளகாய் விவசாயம் செய்யும் குடும்பம். பதினாறு வயதிலேயே ஆறடியைத் தாண்டி வளர்ந்தவரை யாரோ சென்னைக்கு அழைத்துப் போய்க் கையில் கூடைப்பந்தைக் கொடுத்தார்கள். அதன்பிறகு இருபத்திரண்டு வருஷம் அவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. வங்கி அணி, ரயில்வே அணி, பஞ்சாபில் பல் கிட்டிக்கும் குளிரில் இரண்டு வருஷம், கொழும்பு, மாலே, கோலாலம்பூர், கடைசியாக தோஹா. ஒன்பது அணி, ஒன்பது சட்டை. ஒன்பது இடத்திலிருந்தும் யாரிடமாவது சண்டை போட்டுவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். பயிற்சியாளரிடம், மேனேஜரிடம், நடுவரிடம்; மாலேயில் சமையல்காரரிடம். தப்பு ஒருமுறைகூட அவர் பக்கம் இருந்ததில்லை என்பதுதான் இதில் விசேஷம். தோஹாவில் முழங்கால் போன பிறகு ஊர் திரும்பினார். பாம்பன் தீவில் ஒரு மீனவ கிராமம் பெண் பிள்ளைகளுக்கு அணி சேர்க்கிறது, பயிற்சி கொடுக்க வருவீர்களா என்று கேட்டார்கள். வந்துவிட்டார்.

"ஏ புள்ள! ராத்திரி தூங்கலயா? சோறு திங்கலயா?" என்று கோட்டுக்கு வெளியே இருந்தே கத்தினார்.

ஜெப்சி பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள். "சார், இங்கன ரிங்கு ஒசரமா இருக்கு சார்."

"ஆடத் தெரியாதவளுக்குத்தான் ரிங்கு ஒசரமா தெரியும்" என்று சீறினார். சீறிவிட்டு மேலே பார்த்தார். ஒருவேளை இருக்குமோ? ஒரு கணம் போதும் அவருக்கு. மறு கணமே தேர்வாளர் துர்காதேவியின் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

துர்காதேவியும் பழைய ஆட்டக்காரிதான். கழுத்தில் விசில், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, யாருக்கும் பயப்படாமல் உட்காரும் தோரணை.

"ஒங்க ரிங்கு தப்பு மேடம். ஒசரத்துல வச்சிருக்கீங்க. ஒன்பது டீமுக்கு ஆடுனவன் சொல்றேன். வேணும்னே செய்றீங்களா, வெளியூர்ப் புள்ளைகள எடுக்கணும்னு?"

மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. துர்காதேவி ஏணியும் டேப்பும் கொண்டுவரச் சொன்னார். ஒருவர் ஏறி நின்று பிடிக்க, கீழே இருந்தவர் உரக்கப் படித்தார்: "மூணு மீட்டர் அஞ்சு சென்டிமீட்டர்." இம்மி பிசகவில்லை. பிற பள்ளிக்கூடத்துப் பயிற்சியாளர்கள் சிரித்தார்கள். மறைவாகச் சிரிக்க அவர்கள் முயலவும் இல்லை.

"உங்க பிள்ளைக்குக் கை நல்லாத்தான் சார் இருக்கு" என்றார் துர்காதேவி. "கை தப்புன்னா பந்து கண்ட இடத்துக்கும் போகும். இவளுக்குப் பத்தும் ஒரே இடத்துல இடிக்குது. அது என்னன்னு பாருங்க. பத்து நாள் கழிச்சு மதுரையில இன்னொரு தேர்வு இருக்கு. அதுதான் கடைசி. அங்க கூட்டிட்டு வாங்க."

நல்ல வார்த்தைதான். கேட்கிற நிலையில் அவர் இல்லை. அவர் காதில் விழுந்ததெல்லாம் அந்தச் சிரிப்பு மட்டும்தான். அவமானத்தை யார் மேலாவது இறக்கி வைக்க வேண்டும். எதிரில் நின்றது ஒரு பதினான்கு வயதுப் பெண்.

"ரிங்கு ஒசரமாம்ல, ரிங்கு! ஒன் பேச்சக் கேட்டு நான் போய் மூக்கறுபட்டதுதான் மிச்சம். கருவாடு காயப்போடத்தான் நீங்கள்லாம் லாயக்கு. ஒங்க கையில போயி பந்தக் குடுத்தேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்!"

நீங்கள்லாம் என்றாரே, அந்த வார்த்தை பன்னிரண்டு பேர் மேலும் விழுந்தது. வேலியைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஜெப்சி அழவில்லை. பந்தைத் தரையில் வைத்தாள். அது உருண்டு ஓடாமல் காலால் ஒரு கணம் அணைத்து நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பேருந்தில் ஒருவரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. வழக்கமாக அந்தப் பிள்ளைகள் ஏறினால் நடத்துநர் காதைப் பொத்திக்கொள்வார், அவ்வளவு கூச்சல் இருக்கும். இன்று ஜன்னல் கண்ணாடி ஆடும் சத்தம்தான் கேட்டது. இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் காலை மடக்கத் தெரியாமல் மடக்கிக்கொண்டு உக்கிரபாண்டி மனதுக்குள் துர்காதேவியைத் திட்டினார், சிரித்தவர்களைத் திட்டினார், மறுபடி ஜெப்சியைத் திட்டினார். திட்டி முடித்த பிறகும் வழியிலுள்ள உச்சிப்புளிகூட வரவில்லை. திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்காததால், வேறு வழியில்லாமல் யோசிக்கத் தொடங்கினார்.

பத்தும் ஒரே இடத்தில் இடித்தது. முன்விளிம்பில். அப்படியென்றால் பத்துப் பந்தும் ஒரே அளவுக்குக் குறைந்திருக்கின்றன.

ஜனவரியில் பரமக்குடியிலிருந்து ஓர் அணி ஊருக்கு வந்து ஆடியது ஞாபகம் வந்தது. நல்ல அணி. அன்றைக்கு அவர்கள் எறிந்த பந்தெல்லாம் வளையத்தைத் தாண்டிப் போய்ப் பலகையில் அடித்தன. எல்லாமே கூடுதல். "எங்க ஊர்க் காத்துல பந்து பறக்கும்" என்று அந்தப் பயிற்சியாளரைக் கிண்டலடித்து அனுப்பினார். அவர்களுக்குக் கூடுதல், இவளுக்குக் குறைவு.

மண்டபம் ஊரைத் தாண்டியதும் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஊரில் இறங்கியதும் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். அவர் நேராகப் பயிற்சி நடக்கும் மாதா கோயில் மைதானத்துக்குப் போனார். மாதா திருவிழாவுக்கு சீரியல் பல்பு கட்டுகிற ஏணி கோயில் சுவரில் சாய்ந்து கிடந்தது. அதைத் தூக்கிவந்து கம்பத்தில் சாத்தி, பையிலிருந்த டேப்பின் ஒரு முனையைக் கல்லால் அழுத்திவிட்டு, முழங்கால் முனக ஏறினார். இரண்டு மீட்டர் தொண்ணூற்றி நாலு. இறங்கி, கல்லைச் சரிசெய்து, மறுபடி ஏறினார். தொண்ணூற்றி நாலு. எதிர்ப்பக்கக் கம்பமும் அதே தொண்ணூற்றி நாலு.

பதினொரு சென்டிமீட்டர் குறைவு. இந்தக் குட்டை வளையத்தில் ஒரு வருஷம், ஒரு நாளைக்கு இருநூறு பந்து. அந்தக் கை கற்றுக்கொண்டது அத்தனையும் தப்பு. இல்லை, கற்றுக்கொண்டது தப்பில்லை, கற்றுக்கொடுத்த இடம் தப்பு.

அவர் கடற்கரைக்குப் போன வேகத்தில் எதிரே வந்த ஆடு ஒதுங்கிக்கொண்டது.

மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையேறிக் கிடந்தன. ஆன்டனி ராஜ் தன் படகின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஜெப்சியின் அப்பா. போன வருஷத் தடைக்காலத்தில் சம்பளம் வாங்காமல் நின்று மைதானத்தைக் கட்டிய ஆண்களுக்கு அவர்தான் மேஸ்திரி போல இருந்தார்.

"யாருய்யா கம்பத்த நட்டது?" என்று இருபதடி தூரத்திலிருந்தே கேட்டார் உக்கிரபாண்டி. "எவன்யா நட்டான்? மூணடி ஆழம்னு படம் போட்டுக் குடுத்துட்டுப் போனேன்ல? பதினோரு சென்டிமீட்டர் கம்மி! ஒம் மக இன்னைக்கு அங்கன அசிங்கப்பட்டு நிக்கிறா, ஒங்க லட்சணத்தால!"

ஆன்டனி ராஜ் சுரண்டியைக் கீழே வைத்தார். விரலை விரித்து, பதினொரு சென்டிமீட்டர் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"அரைச் சாண்" என்றார். "நாந்தான் சார் சொன்னேன். மூணடி தோண்டிப் பாத்தோம். வெறும் குருத்து மணலு, புடிமானமே இல்ல. ஆனி ஆடியில சோழகக் காத்து அடிச்சா எதுவும் நிக்காது. புள்ளைக வெளையாடுற எடமாச்சே, தலையில விழுந்துட்டா என்ன செய்யன்னு இன்னும் அரைச் சாண் எறக்கச் சொன்னேன். கடல்ல நடுற கம்புக்கு எங்களுக்குக் கீழதான் சார் அளவு. மேல எவ்வளவு நிக்கிதுன்னு யாரு பாப்பா?"

"ஒரு வார்த்த என்னயக் கேக்கக் கூடாதா?"

"நீங்க தோஹாவுக்குப் போயிட்டீங்களே சார்."

அது உண்மை. முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வாரப் போட்டி என்று தோஹாவிலிருந்து அழைப்பு வந்திருந்தது. விமான டிக்கெட்டும் அனுப்பினார்கள். கம்பம் நடுவதற்கு முதல் நாள் கிளம்பினார். கம்பத்தை நடுவதற்கு ஓர் உக்கிரபாண்டி எதற்கு என்று அன்று தோன்றியது.

"திரும்பி வந்த பெறகு சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார் ஆன்டனி ராஜ். குரல் தாழ்ந்திருந்தது. "நீங்க வந்த அன்னைக்கே எம்பி ரிங்கத் தொட்டீங்க. தெனம் தொடுறீங்க. ஒங்களுக்குத் தெரியாத ஒசரமான்னு விட்டுட்டேன். தப்புத்தான் சார். எங்க தப்புத்தான். மன்னிச்சிருங்க."

அந்த மன்னிப்பைக் கேட்டதும் உக்கிரபாண்டிக்கு வந்த கோபம் இதுவரை வந்த எந்தக் கோபம் போலவும் இல்லை. அது வெளியே வரவில்லை. உள்ளேயே நின்று சுட்டது.

தினமும் சாயங்காலம் பயிற்சி அப்படித்தான் தொடங்கும். பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள். சார் நாலடி ஓடிவந்து எம்பி வளையத்தை விரலால் தட்டுவார். வளையம் அதிரும். பன்னிரண்டு பேரும் கை தட்டுவார்கள். நாற்பத்து மூன்று வயது, அறுவை செய்த முழங்கால்! முதல் நாள் தொட்டபோது அவருக்கே நம்ப முடியவில்லை. கடற்கரை மணலில் ஓடியதால் கால் திரும்பிவிட்டது என்று சிக்கலுக்குப் போன் போட்டுத் தம்பியிடம் சொன்னார். சொல்லிச் சொல்லி அது உண்மையாகவே ஆகிவிட்டது.

படகின் மேலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஜெப்சி. வந்ததும் சீருடையை மாற்றிக்கொண்டு அப்பாவுக்கு உதவியாக மேலே உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"சார், தோஹாவுல தொட்டீங்களா?"

கேள்வி புரிந்தது. புரியாத மாதிரி நின்றார்.

"போன வருசம் அங்கன போயி ஆடுனீங்கள்ல. அந்த ரிங்கத் தொட்டீங்களா?"

தொட்டேன் என்று சொல்லிவிடலாம். இவர்களில் யார் தோஹாவுக்குப் போய் விசாரிக்கப் போகிறார்கள்? ஒன்பது ஊரைப் பற்றியும் இதைவிடப் பெரிய பொய்களை அவர் சொல்லியிருக்கிறார். அங்கே மூன்று தரம் எம்பினார். மூன்று தரமும் விரல் காற்றில்தான் அலைந்தது. எதிரணியில் ஒருவன் முதுகில் தட்டிக்கொடுத்தான், வயதானவரைத் தட்டுவது போல. அதற்குச் சரியாக ஐந்தாம் நாள் இந்த ஊரில் தொட்டார்.

"இல்ல" என்றார்.

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"கால் சரியாயிருச்சுன்னு நெனச்சேன் புள்ள."

"தெரியும் சார் ஒங்களுக்கு." ஜெப்சி படகிலிருந்து குதித்தாள். "எங்கப்பாவுக்குத் தெரியாது. நாங்க வேற ரிங்கக் கண்டதே இல்ல. ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியும். நாங்க கை தட்டுனது நல்லா இருந்துச்சு, அதான் நீங்க அளந்து பாக்கல. இன்னைக்கு அத்தன பேரு முன்னால என்னயக் கருவாடு காயப்போடச் சொல்லுறீங்க."

"ஜெப்சி, சார்கிட்ட என்ன பேச்சு?" என்றார் ஆன்டனி ராஜ்.

"இவரு என்ன சொன்னாருன்னு ஒங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று அவள் திரும்பினாள். சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல், அவர் சொன்ன அதே சுருதியில்.

ஆன்டனி ராஜ் திரும்பிக்கொண்டார். கீழே கிடந்த சுரண்டியை எடுத்து, படகின் அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்ட ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் முன்னால் மன்னிப்புக் கேட்ட மனிதர். இப்போது அவர் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. உக்கிரபாண்டி வாங்கிய அடிகளில் எதுவும் அந்த முதுகுபோல வலித்ததில்லை.

"பத்து நாள்ல மதுரையில இன்னொரு செலக்சன் இருக்காம்" என்றார், அந்த முதுகிடம்.

"நான் போவேன்" என்றாள் ஜெப்சி. "நாளைக்கு ரிங்க ஏத்துங்க. ஏத்துன பெறகு எல்லாரும் நிப்போம். நீங்க எப்பயும்போல ஓடிவந்து தொடுங்க. அதுக்கப்பறம் நான் பந்த எடுக்கேன்."

மறுநாள் காலையில் ஆண்கள் வந்தார்கள். யாரும் அவரிடம் பேசவில்லை, ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. அடிக் கான்கிரீட்டை உடைத்தார்கள். இஞ்சின் தூக்குகிற செயின் பிளாக்கை மூன்று கம்பு நிறுத்திய முக்காலியில் கட்டி, கம்பத்தைப் பலகையோடு நிமிர்த்தி அங்குலம் அங்குலமாக மேலே எடுத்தார்கள். உக்கிரபாண்டி ஏணியில் நின்று டேப்பைப் பிடித்தார். மூன்று மீட்டர் ஐந்து வந்ததும், "போதும்" என்றார். குழிக்குக் கல்லும் கலவையும் போட்டு, நாலு பக்கமும் நங்கூரக் கயிறு இழுத்துக் கட்டினார்கள். எதிர்ப்பக்கக் கம்பத்துக்கும் அதே வேலை. எந்தச் சோழகம் வந்தாலும் அசையாது.

இரண்டு நாள் இறுகவிட்டு, மூன்றாம் நாள் சாயங்காலம் பன்னிரண்டு பேரும் வட்டமாக நின்றார்கள். வேலை செய்த அப்பாக்களும் சுவரோரம் நின்றார்கள். உக்கிரபாண்டி செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனார். காய்ச்சல், கால் சுளுக்கு, ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று கடைசி நிமிடம் வரைக்கும் அவருக்குத் தோன்றிக்கொண்டேதான் இருந்தது. நாலடி ஓடிவந்தார். எம்பினார். கை மேலே போனது, இன்னும் போனது, அங்கே ஒன்றும் இல்லை. வளையம் மேலே, விரல் கீழே, நடுவே வெறும் காற்று. இறங்கியபோது முழங்கால் மடிந்து இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டார்.

யாரும் கை தட்டவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

ஜெப்சி பந்தை எடுத்தாள். "தள்ளுங்க சார்" என்றாள்.

முதல் பந்து முன்விளிம்பில் இடித்தது. இரண்டாவதும். ஐம்பதாவதும். அன்றைக்கு இருட்டும்வரை அப்படித்தான். மறுநாள் காலையும் அப்படித்தான். ஒரு வருஷம் பழகிய கை ஒரு நாளில் மறக்குமா? பந்து இடித்துத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அவள் முகத்தில் கோபம் ஏறியது, அந்தக் கோபத்தோடுதான் அடுத்ததை எறிந்தாள். உக்கிரபாண்டி கோட்டுக்கு வெளியே நின்று பந்தைப் பொறுக்கிக் கொடுத்தார். ஐந்தாம் நாள், "கைய விட்டுரு புள்ள, முட்டிய இன்னும் மடக்கு. பெலம் கீழ இருந்து வரட்டும்" என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் முட்டியை மடக்கினாள். பந்து வலையை மட்டும் தொட்டு இறங்கியது.

மதுரைக்குக் கிளம்பும் முந்தைய நாள் அவர் பையைத் தயார் செய்து வைத்திருந்தார். ஜெப்சி பயிற்சி முடிந்து தண்ணீர் குடித்துவிட்டு, "நீங்க வர வேணாம் சார். அப்பா வாராரு" என்றாள். ஒன்பது ஊருக்குப் போனவர், மதுரைக்குப் போகவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு ஆன்டனி ராஜ் போன் செய்தார். அன்று கடற்கரையில் திரும்பிக்கொண்ட பிறகு அவர் பேசுவது அதுதான் முதல் தடவை.

"பன்னண்டுக்கு ஒம்பது சார். எடுத்துட்டாங்க. ஜூன்ல சேரச் சொல்லிட்டாங்க."

"நல்லது" என்றார் உக்கிரபாண்டி. "நல்லது. போன அவகிட்ட குடுங்க."

ஜெப்சி ஏதோ சொல்வது கேட்டது, என்னவென்று புரியவில்லை. ஆன்டனி ராஜே மறுபடி பேசினார். "அவ பெறகு பேசுறாளாம் சார்." பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியவர் போல, "ஒண்ணு சொல்லிடுறேன். நாளைக்கு வேற யாரும் சொல்லி நீங்க கேக்கக் கூடாது. சேர்க்கை ஃபாரத்துல கோச் பேருன்னு ஒரு எடம் இருந்துச்சு. ஒங்க பேர எழுதுன்னு நான் சொன்னேன். அவ கேக்கல. அந்த எடத்துல கோடு போட்டுட்டா."

கோபம் வந்தது. ஒரு வருஷம்! தினம் இருநூறு பந்து! வாயைத் திறந்தும்விட்டார். யாரைத் திட்டுவது என்று பார்த்தார். ஒன்பது அணியிலும் கை காட்ட யாராவது ஒருத்தர் அவருக்குக் கிடைத்திருக்கிறார்கள். இங்கே சுற்றிச் சுற்றிப் பார்த்தும் ஓர் ஆள்தான் இருந்தார்.

"சரியாத்தான் போட்டிருக்கா" என்று சொல்லி போனை வைத்தார்.

சாயங்காலம் மைதானத்தில் மற்ற பதினொரு பேரும் வந்திருந்தார்கள். ஜெப்சி தேர்வான செய்தி அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. பழக்கதோஷத்தில் வட்டமாக நின்றார்கள். அவர்களில் சின்னவள், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அதே பழக்கதோஷத்தில், "சார், ரிங்கத் தொடுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உக்கிரபாண்டி நிமிர்ந்து வளையத்தைப் பார்த்தார்.

"எனக்கு எட்டாது புள்ள" என்றார். "பந்த எடு."